அமெரிக்காவில் தலைக்காயம் பட்டவருக்கு நிறம் பார்த்தா வைத்தியம்?

வந்த கேள்வி இது: "அமெரிக்காவில் தலையில் அடிபட்டவர்களுக்குக் கிடைக்கும் சிகிச்சையில் வெள்ளையர், கறுப்பர், லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) என்று வித்தியாசம் இருப்பதாகப் படித்தேன். உயிருக்குப் போராடுகிறவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஓடும்போது யாராவது நிறம் பார்ப்பார்களா? இன்சூரன்ஸ் இருந்தால் நல்ல வைத்தியம், இல்லாவிட்டால் இல்லை, அவ்வளவுதானே? இதில் இனம் எங்கே வந்தது?"

நியாயமான கேள்விதான். டெக்சாஸில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளை மறுபடி செய்யக் கற்றுக்கொடுப்பவனாக, பல வருடம் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் நிறம் பார்ப்பதில்லை என்பது பெரும்பாலும் சரி. ஆனால் நீங்கள் தேடுகிற இடம் தவறு. ஸ்ட்ரெச்சர் ஓடும் அந்த ஐந்து நிமிடத்தில் பெரிதாக எதுவும் அகப்படாது. அதற்கு முன்னால் ஆம்புலன்ஸ் எத்தனை மைல் ஓடியது, பத்தாவது நாள் நோயாளியை எங்கே அனுப்பினார்கள், ஒரு வருடம் கழித்து அவர் மூளை எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்பதை எதை வைத்து அளந்தார்கள் என்று பாருங்கள்.

ஆம்புலன்ஸிலிருந்தே ஆரம்பிக்கலாம். சிகாகோவின் தெற்குப் பகுதி பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் இடம். துப்பாக்கிச் சூடும் அங்கே அதிகம். பெரிய காயங்களுக்கு 24 மணி நேரமும் அறுவைசிகிச்சை செய்யும் முதல் நிலை டிராமா சென்டர் பெரியவர்களுக்கென்று 1991க்குப் பிறகு பல வருடம் அந்தப் பகுதியில் ஒன்றுகூட இல்லாமல் இருந்தது. சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனை அங்கேயேதான் இருந்தது. ஆனால் நஷ்டம் என்று சொல்லித் தன் டிராமா பிரிவை 1988இலேயே மூடிவிட்டது. 2010இல் அந்த மருத்துவமனைக்குச் சில தெருக்கள் தள்ளி 18 வயது இளைஞர் ஒருவர் குண்டடிபட்டார். அவரைச் சுமார் பத்து மைல் தாண்டி நகரின் மையத்துக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை. அவருடைய நண்பர்களும் தாயாரும் அக்கம்பக்கத்தாரும் வருடக்கணக்கில் போராடினார்கள், கைதானார்கள். அதன் பிறகு 2018 மே மாதம்தான் அந்த மருத்துவமனையில் டிராமா சென்டர் திறந்தது. மண்டையோட்டுக்குள் ரத்தம் கட்டி மூளையை அழுத்தும்போது ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அந்த 27 வருடமும் ஆம்புலன்ஸ் டிரைவர் யாருடைய நிறத்தையும் பார்க்கவில்லை. அவர் ஓட்டவேண்டிய தூரத்தை முன்கூட்டியே யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

சரி, மருத்துவமனை வந்தாயிற்று. இங்கே அமெரிக்காவைப் பாராட்ட ஒரு விஷயம் உண்டு. 1986இல் வந்த சட்டம் ஒன்று, எமர்ஜென்சிக்கு வந்தவரைப் பரிசோதித்தே ஆகவேண்டும், அவர் நிலையைச் சீராக்கியே ஆகவேண்டும் என்கிறது. கையில் காசு உண்டா, குடியுரிமை உண்டா என்பதெல்லாம் அப்புறம். அதனால் இன்சூரன்ஸே இல்லாத கட்டடத் தொழிலாளிக்கும் ஸ்கேன் எடுப்பார்கள், மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுப்பார்கள், ஐசியூவில் வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சட்டம் கேட்பது நிலையைச் சீராக்குவதை மட்டும்தான். பேச, நடக்க, சட்டை போட, அடுப்பை அணைக்க மறுபடி கற்றுக்கொடுக்கவேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

தலைக்காயத்தில் அதுதான் பாதி வைத்தியம். கால் உடைந்தால் எலும்பு கூடியதும் ஓரளவு வேலை முடிந்தது. மூளைக்காயம் அப்படி இல்லை. நான் பார்த்த ஒருவர் ஜோராக நடப்பார், சிரித்துப் பேசுவார். பல் தேய்க்கச் சொன்னால் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நிற்பார். இன்னொருவர் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், கடையில் மீதிச் சில்லறை எண்ணத் தெரியாமல் அழுதார். "ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்" என்று ஊரே சொல்லும். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். இதையெல்லாம் மீட்டெடுக்க முதல் சில மாதங்கள் பொன்னான காலம்.

பத்தாவது நாளோ இருபதாவது நாளோ ஐசியூவிலிருந்து வெளியே வருகிறவருக்கு மூன்று கதவுகள். முதல் கதவு ரீஹாப் மருத்துவமனை. வாரத்தில் ஐந்து நாள், தினம் மூன்று மணி நேரம் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பீச் தெரபி. மேற்பார்வைக்கு மறுவாழ்வு மருத்துவர். இரண்டாவது நர்சிங் ஹோம். நம்மூரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி என்று நினைப்போம். அங்கே அது பெரும்பாலும் வயதானவர்கள் தங்கிப் பராமரிப்புப் பெறும் இடம், தெரபி கொஞ்சம் கிடைக்கும். மூன்றாவது கதவு, கையில் நாலு பக்கக் காகிதத்தோடு நேராக வீடு. அமெரிக்காவின் தேசிய டிராமா தரவுகளை வைத்து நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது, கறுப்பினத்தவரும் லத்தீனோக்களும் முதல் கதவுக்குள் போவது குறைவு என்பதைத்தான். வயது, காயத்தின் கடுமை, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் சமப்படுத்திக் கணக்கிட்ட பிறகும் அந்த இடைவெளி முழுதாக மறைவதில்லை. அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியும் இதை வெளிப்படையாகவே சொல்கிறது.

இன்சூரன்ஸ் ஒன்றாக இருந்தும் எப்படி வேறுபடும்? அந்த முடிவு எடுக்கப்படும் விதத்தைப் பார்த்தால் புரியும். மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் ஏற்பாடுகளைக் கவனிக்கும் கேஸ் மேனேஜர் ரீஹாப் மருத்துவமனைகளுக்குப் போன் செய்வார். அங்கிருந்து ஒருவர் வந்து நோயாளியைப் பார்த்து, ஃபைலைப் புரட்டுவார். இவரால் தினம் மூன்று மணி நேரம் தெரபி தாங்க முடியுமா? முடிந்த பிறகு வீட்டில் கூடவே இருந்து கவனிக்க ஆள் உண்டா? பணம் கட்டுவது யார்? மனைவி இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறார், வீடு லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்றால் "வீட்டில் போதிய ஆதரவு இல்லை" என்று எழுதிவிடுவார்கள். இந்தக் கேள்விகளில் எதிலும் இனம் கிடையாது. ஆனால் யாருக்கு எந்தப் பதில் வரும் என்பதில் தலைமுறை தலைமுறையான சொத்தும் வேலையும் குடியிருப்பும் அடங்கியிருக்கிறது.

இன்னொன்று நான் நேரில் பார்த்தது. இன்சூரன்ஸ் கம்பெனி ரீஹாபை மறுத்தால் அதோடு கதை முடிந்துவிடாது, மேல்முறையீடு உண்டு. மருத்துவரே கம்பெனி மருத்துவரோடு போனில் வாதாடலாம். வக்கீல் மைத்துனர் உள்ள குடும்பம் மறுநாள் காலையிலேயே அதைக் கேட்கும். கேட்கத் தெரியாத குடும்பத்திடம் யாரும் வலியப் போய்ச் சொல்வதில்லை. ஆங்கிலம் தெரியாத குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம்: சக்கரம் வைத்த கம்பத்தில் ஒரு ஐபேட், அதில் முகம் தெரியாத மொழிபெயர்ப்பாளர், அதற்கும் நேரக் கணக்கு.

கோபக்காரர் என்ற முத்திரையும் உண்டு. மயக்கம் தெளியும் கட்டத்தில் கைகாலை உதறுவது, டியூபைப் பிடுங்குவது, கண்டபடி திட்டுவது எல்லாம் தலைக்காயத்தில் சகஜம். மூளை தேறுவதை அளக்க நாங்கள் பயன்படுத்தும் ராஞ்சோ அளவுகோலில் அது நான்காம் நிலை. மூன்றைத் தாண்டி வந்துவிட்டார் என்று அர்த்தம், எங்களுக்கு அது நல்ல சகுனம். ஆனால் ஆறடி உயரக் கறுப்பின இளைஞர் இதைச் செய்தால் ஃபைலில் "ஆக்ரோஷமானவர்" என்று ஏறுவதையும், வெள்ளைக்காரத் தாத்தா செய்தால் "குழப்பத்தில் இருக்கிறார்" என்று ஏறுவதையும் பார்த்திருக்கிறேன். எமர்ஜென்சி வார்டுகளில் கறுப்பின நோயாளிகள் கட்டிலில் கட்டிவைக்கப்படுவது அதிகம் என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. அந்த ஒரு சொல் ஃபைலோடு கூடவே போகும். ரீஹாப் மருத்துவமனைக்காரர் அதைப் படித்துவிட்டு "இவரை எங்களால் சமாளிக்க முடியாது" என்பார். சில சமயம் அவர் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

இனி இன்சூரன்ஸ். நீங்கள் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. ஆனால் இன்சூரன்ஸ் யாருக்கு இருக்கிறது என்பதே இனத்தோடு பின்னிக்கிடக்கிறது. ஒபாமா காலத்தில், 2010இல் வந்த சட்டம் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டைப் பெருமளவு விரிவாக்கியது. 2012இல் உச்ச நீதிமன்றம், சேருவதும் சேராததும் மாநிலங்களின் இஷ்டம் என்று சொல்லிவிட்டது. 2014இல் அமலுக்கு வந்தபோது பல மாநிலங்கள் சேரவில்லை. இன்னமும் 10 மாநிலங்கள் வெளியே நிற்கின்றன. டெக்சாஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி என்று அதில் பெரும்பாலும் தெற்கு. நாட்டின் கறுப்பின மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தெற்கில்தான் வாழ்கிறார்கள். டெக்சாஸில் உடல்நலத்தோடு இருக்கும், பிள்ளைகுட்டி இல்லாத ஒருவர் எவ்வளவு ஏழையானாலும் மெடிக்கெய்டு கிடைக்காது. அடிபட்டு ஊனமான பிறகு அரசு உதவிக்கு விண்ணப்பிக்கலாமே என்பீர்கள். வேலை பார்த்தவர்களுக்கான அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு ஐந்து மாதக் காத்திருப்பு. அது கிடைத்த பிறகு மெடிகேர் என்ற காப்பீட்டுக்கு இன்னும் 24 மாதம். ஆக 29 மாதம். மூளை வேகமாகத் தேறும் காலமெல்லாம் போன பிறகு கையில் அட்டை வரும்.

குடியேறியவர்கள் நிலை இதைவிட மோசம். 1996 சட்டப்படி கிரீன் கார்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர்கூட மெடிக்கெய்டுக்கு ஐந்து வருடம் காத்திருக்கவேண்டும். குடியேற்றக் காகிதம் இல்லாதவர்களுக்கு எமர்ஜென்சி மட்டும். இது எங்கே போய் முடிந்தது என்பதற்கு ஃபுளோரிடாவில் நடந்த வழக்கு ஒன்று. குவாத்தமாலாவிலிருந்து வந்து தோட்ட வேலை பார்த்தவர். 2000இல் குடிபோதையில் ஒருவன் ஓட்டிவந்த வண்டி மோதி மூளையில் கடுமையான காயம். அவரை மருத்துவமனை காப்பாற்றியது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காகிதம் இல்லாததால் எந்த ரீஹாப் மையமும் அவரை ஏற்கவில்லை. ஏறக்குறைய மூன்று வருடம் பெரும்பாலும் மருத்துவமனையிலேயே கிடந்தார். செலவு 15 லட்சம் டாலரைத் தொட்டது. கடைசியில் மருத்துவமனை கீழ் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கி, மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, 2003இல் ஒரு விடியற்காலையில் தன் செலவிலேயே, சுமார் 30,000 டாலர் கொடுத்துத் தனி விமானத்தில் அவரைக் குவாத்தமாலாவுக்கு ஏற்றி அனுப்பிவிட்டது. அடுத்த வருடம் மேல் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. அதற்குள் அவர் மலைக்கிராமத்தில், வயதான தாயின் ஒற்றை அறை வீட்டில் படுத்துக்கிடந்தார். 2009இல் நஷ்டஈட்டு வழக்கில் ஜூரி மருத்துவமனைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 15 லட்சம் டாலர் செலவில் உயிர்பிழைத்தவருக்குத் தெரபி கொடுக்க மட்டும் அமைப்பில் வழியில்லை. நாடு கடத்துகிற அதிகாரம் அரசாங்கத்துக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், இந்த வழக்கைப் படிக்கும் வரை.

இதுவரை சொன்னதெல்லாம் மறைமுகமான இனம். பச்சையாக, கணக்கிலேயே நிறம் எழுதிவைத்த கதையும் ஒன்று உண்டு. அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் ஆடி, தலையில் திரும்பத் திரும்ப அடிவாங்கி ஞாபகமறதி நோய் வந்த முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்டார்கள். 2013இல் சமரசம் பேசி, 2015இல் நீதிமன்றம் அதை ஏற்றது. டிமென்ஷியா இருப்பது தேர்வுகள் மூலம் உறுதியானால், நோயின் கட்டத்தையும் வயதையும் பொறுத்து 30 லட்சம் டாலர் வரை கிடைக்கும். அந்தத் தேர்வு மதிப்பெண்ணை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் சூட்சுமம்.

ஓய்வுபெற்ற வீரர் அடிபடுவதற்கு முன் எவ்வளவு புத்திக்கூர்மையோடு இருந்தார் என்பதற்குப் பெரும்பாலும் பதிவு இருக்காது. அதனால் அவரைப் போன்ற ஆட்களின் சராசரியை எடுத்து அதிலிருந்து எவ்வளவு சரிந்திருக்கிறார் என்று பார்ப்பார்கள். வயது, படிப்பு இவற்றோடு இனத்தையும் சேர்த்துக்கொண்ட அட்டவணைகள் உண்டு. அவற்றில் கறுப்பினத்தவருக்கான சராசரி குறைவு. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: வெள்ளையருக்குச் சராசரி 100, கறுப்பருக்கு 90. இருவரும் இன்று தேர்வெழுதி 75 வாங்குகிறார்கள். முதலாமவர் 25 இழந்துவிட்டார், பாவம், நோயாளி. இரண்டாமவர் இழந்தது 15தான், பரவாயில்லை, வீட்டுக்குப் போகலாம். அதே விடைத்தாள், அதே மதிப்பெண். எடைக்கல்லே கள்ளமாக இருந்தால் தராசு முள்ளை எவ்வளவு உற்றுப்பார்த்து என்ன?

இந்த அட்டவணைகளைப் போட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் போடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கறுப்பினக் குழந்தைகளுக்கு நல்ல பள்ளிக்கூடமே தராமல் வைத்திருந்த நாட்டில், தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் மூளைநோய் என்று தவறாக முத்திரை குத்திவிடக்கூடாது என்ற அக்கறையில் வந்தது. ஆனால் நோய் இருப்பதை நிரூபித்தால்தான் பணமும் சிகிச்சையும் என்கிற இடத்தில் அதே அட்டவணை நேர் எதிராக வேலை செய்தது. 2020 ஆகஸ்டில் கெவின் ஹென்றி, நாஜே டேவன்போர்ட் என்ற இரண்டு முன்னாள் வீரர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். லீக் தரப்பு, இந்த அட்டவணை கட்டாயமல்ல, மருத்துவரின் விருப்பம் என்றது. ஆனால் டேவன்போர்ட்டுக்கு நோய் இருப்பதாக மருத்துவர் சொன்னபோது, இனத்தைச் சேர்த்துக் கணக்கிடவில்லையே என்று மேல்முறையீடு செய்ததும் அதே லீக்தான். ஒரு முன்னாள் வீரரும் அவர் மனைவியும் சுமார் 50,000 கையெழுத்துகளைப் பிலடெல்பியா நீதிமன்றத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2021 ஜூனில் லீக் இந்த முறையைக் கைவிடுவதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் நீதிபதி அனிதா பிராடி மாற்றத்துக்கு ஒப்புதல் தந்தார். பழைய விடைத்தாள்களை இனம் பார்க்காமல் மறுபடி திருத்தினார்கள். முன்பு நோயே இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட நூற்றுக்கணக்கானோர் நோயாளிகள் என்று ஆனார்கள். யார் மூளையிலும் ஒரே ராத்திரியில் எதுவும் மாறிவிடவில்லை.

கருவிகளிலும் இது உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கறுத்த தோலில் ஆக்சிஜனைக் கூடுதலாகக் காட்டிவிடும். 2020இல் மிச்சிகன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் என்று காட்டும்போது ரத்தப் பரிசோதனையில் 88க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம். அவர்கள் தலைக்காய நோயாளிகள் என்றில்லை, மருத்துவமனையில் ஆக்சிஜன் வாங்கிக்கொண்டிருந்த பொதுவான நோயாளிகள். ஆனால் அடிபட்ட மூளைக்கு ஆக்சிஜன் குறைவு என்பது இரண்டாவது அடி என்பதால் எங்கள் துறையில் இதை எல்லோரும் கவலையோடு படித்தோம். வலிப்பைக் கண்டுபிடிக்கும் இஇஜி கருவியின் முனைகள் தலைத்தோலில் ஒட்டவேண்டும். அடர்ந்த சுருட்டைமுடியில் அவை சரியாக ஒட்டுவதில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆர்னெல் எட்டியென் என்ற மாணவியும் அவர் குழுவும் பின்னலின் இடைவெளிகளில் பொருந்தும் முனைகளை வடிவமைத்து 2020இல் வெளியிட்டார்கள். இஇஜி மனிதர்களிடம் பயன்பாட்டுக்கு வந்தது 1920களில் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பூர்வகுடிகளைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. தலைக்காயத்தால் மருத்துவமனையில் சேர்வதிலும் சாவதிலும் அமெரிக்க இந்தியர், அலாஸ்கா பூர்வகுடிகள்தான் எல்லா இனங்களுக்கும் மேலே இருக்கிறார்கள். கறுப்பர்-வெள்ளையர் பேச்சில் இவர்கள் காணாமல் போய்விடுவார்கள். ஒப்பந்தப்படி இவர்களுக்கு மருத்துவம் தரவேண்டியது மத்திய அரசின் கடமை. அதற்கென்று தனித் துறையும் உண்டு. அந்தத் துறையிடம் இல்லாத சிகிச்சையை வெளியே வாங்க வருடத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கீடு. பணம் தீரத் தீர, உயிருக்கோ கைகாலுக்கோ ஆபத்து என்றால் மட்டுமே அனுமதி. பல் தேய்க்க மறந்தவருக்கு ஆக்குபேஷனல் தெரபி அந்த வரிசையில் எங்கே நிற்கும்? "ஜூனுக்கு அப்புறம் நோயில் விழாதே" என்பது அங்கே பழகிப்போன கசப்பான நகைச்சுவை.

ஏழை வெள்ளையருக்கு இதெல்லாம் கிடைத்துவிடுகிறதா என்று கேட்பீர்கள். இல்லை. அப்பலாச்சியா மலைக் கிராமங்களில் ஹெலிகாப்டர் வரும் வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் இன்சூரன்ஸ் காரணமா, இனம் காரணமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியே எனக்கு ஒப்பவில்லை.

கடைசியாக, அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு விஷயம். பேரக்குழந்தையைப் பார்க்க வரும் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் ரத்தம் கட்டுவது நான் பல முறை பார்த்த சங்கதி. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் சின்ன அடியே போதும். விசிட்டர் இன்சூரன்ஸ் பெரும்பாலும் திடீர் நோய்க்கும் விபத்துக்கும்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. பாலிசி வாங்கும்போது ரீஹாப் உண்டா, எத்தனை நாள், நோயாளியை ஊருக்குக் கூட்டிப்போகும் செலவு உண்டா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் உள்ள உறவினர் ஒருவருக்கே அடிபட்டிருந்தால், டிஸ்சார்ஜ் பேச்சு வந்த அன்றே கேஸ் மேனேஜரிடம் "ரீஹாப் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்" என்று அந்தச் சொல்லையே பயன்படுத்திக் கேளுங்கள். மறுத்தால் மறுப்பைக் காகிதத்தில் வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் அவகாசம் என்று அதிலேயே இருக்கும்.